சேரன்மகாதேவி குருகுலம்: வ.வே.சு. ஐயரின் கல்விக் கனவு எங்கே சறுக்கியது?

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சேரன்மகாதேவி. தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய ஒரு சண்டை இங்கே ஒரு பள்ளியின் சாப்பாட்டுப் பந்தியில்தான் தொடங்கியது. பள்ளியைத் தொடங்கியவர் வ.வே.சு. ஐயர்.

திருச்சி வரகனேரியில் 1881-ல் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்தார், ரங்கூன் போனார், 1907-ல் பாரிஸ்டர் படிக்க லண்டன் போனார். அங்கே சாவர்க்கரோடு சேர்ந்து புரட்சிக்காரர் ஆகிவிட்டார். போலீஸ் தேட, 1910-ல் மாறுவேடத்தில் தப்பிப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் இருந்த ஊர் ஆச்சே! திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழின் தொடக்ககாலச் சிறுகதைகளில் ஒன்றான ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதினார். பிறகு சென்னையில் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர். ராஜதுரோக வழக்கில் 9 மாதம் சிறை. அங்கேயும் சும்மா இருக்கவில்லை, கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு ஆய்வு நூல் எழுதினார்.

வெளியே வந்தவர் கையில் எடுத்தது கல்வி. ஒத்துழையாமை இயக்கத்தில் அரசுப் பள்ளி, கல்லூரிகளைப் புறக்கணிக்கச் சொல்லியாகிவிட்டது. மாற்று வேண்டுமே! குஜராத் வித்யாபீடம், காசி வித்யாபீடம், ஜாமியா மில்லியா எல்லாம் அப்படி வந்தவைதான். தமிழ்நாட்டில் ஐயர் 1922-ல் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். திட்டம் அந்தக் காலத்துக்குப் புதுசு. தாய்மொழி வழியே பாடம், கூடவே உடற்பயிற்சி, கைத்தொழில். மாணவர்கள் ஆசிரியரோடு ஒரே இடத்தில் தங்கிப் படிக்க வேண்டும். தன் எண்ணங்களை வெளியே கொண்டுபோக ‘பாலபாரதி’ என்ற மாத இதழையும் அங்கிருந்தே நடத்தினார்.

அரசு உதவி கிடையாது, எல்லாமே நன்கொடை. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 கொடுத்தது.

சிக்கல் எங்கே வந்தது? இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். ஐயர் சம்மதித்துவிட்டார். அவர் தனிப்பட்ட முறையில் சாதி பார்த்தவரல்ல. யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆனால் பொதுப் பணத்தில் நடக்கிற தேசியப் பள்ளியில் ஒருவர் பந்தியைப் பிரித்தாலும் பிரித்ததுதானே? பெற்றோருக்குக் கொடுத்த வாக்கா, பள்ளியின் கொள்கையா என்று வந்தபோது ஐயர் வாக்கைப் பிடித்துக்கொண்டார். அவர் செய்த பெரிய பிழை இதுதான்.

வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். காந்தி ஒரு நடுவழி சொன்னார்: ஏற்கெனவே சேர்ந்த இருவரை விட்டுவிடலாம், இனிமேல் சேருகிறவர்கள் ஒன்றாகச் சாப்பிடச் சம்மதிக்க வேண்டும். அந்த இரண்டு பேருக்கான விலக்கைக்கூட நாயுடு ஏற்கவில்லை. 1925 ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டி, பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஜூன் 3-ம் தேதி மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குப் போயிருந்தார். கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரை தவறி விழ, காப்பாற்றக் குதித்தவர் மீளவில்லை, மகளும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 44.

சண்டை அவரோடு முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் காங்கிரஸிலிருந்து வெளியேறினார். சேரன்மகாதேவியில் பட்ட கசப்பும் அதற்கு ஒரு காரணம். அடுத்து வந்தது சுயமரியாதை இயக்கம்.