கத்தியின்றிக் குருதி நிறுத்தியவர்

உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நான், குருதிச் சுற்றோட்டப் பாடத்தைத் திறக்கும்போதெல்லாம் சார்ள்ஸ் டொட்டரை நினைப்பேன்.

1920 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் பிறந்த அவர், ஒரிகன் மருத்துவக் கல்லூரியில் கதிரியல் துறைத் தலைவரானபோது வயது 32. ஊடுகதிர்ப் படமெடுப்பதற்காக நாடிக்குள் செலுத்தும் மெல்லிய குழாயாலேயே நோயையும் தீர்க்கலாம் என நம்பினார். கிற்றார் கம்பியையும் கருவியாக்கினார். பலர் அவரைப் பைத்தியக்காரர் என்றனர்.

1964 இல், காலைத் துண்டிக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் அடைபட்ட நாடியை விரித்தார். மூதாட்டி மீண்டும் நடந்தார். 1972 இல் ஜோசப் ரோஷ் முதலியோருடன் சேர்ந்து, இரைப்பையில் குருதி பெருகும் நாடியை, நோயாளியின் உறைந்த குருதியாலேயே அடைக்கும் முறையை வெளியிட்டார்.

1985 இல் டொட்டர் மறைந்தார். கமராக் குழாயால் நிறுத்த முடியாத இரைப்பைக் குருதிப்பெருக்கை இன்றும் மருத்துவர்கள் அந்த வழியில் நாடிக்குள் சென்றே அடைக்கிறார்கள். படம் பார்ப்பவராலும் உயிர் காக்க முடியும் என்பதே அவர் வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்த பாடம்.