செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற சொல்லை ஏற்காத முத்துலட்சுமி

நுகேகொடைச் சந்தியில் காலை வேளையில் 138ஆம் இலக்க பஸ்ஸுக்காகக் காத்து நிற்போரில் சிலரை அவர்களது கைகளைக் கொண்டே அடையாளம் காணலாம். ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை, சுடுநீர்ப் போத்தல், மாற்றுடுப்புப் பை ஆகியன அக்கைகளில் இருக்கும். ஹைலெவல் வீதி வழியாகச் சென்று மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் இறங்குவோர் அவர்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கியிருந்து சிகிச்சைக்குச் செல்லும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. அவ்வைத்தியசாலைக்கு இன்று வழங்கும் பெயர் அபேக்ஷா. எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்பது அதன் பொருள்.

சிகிச்சை பலனளிக்கும்வரை நம்பிக்கை கொள்வதில் சிரமமில்லை. எந்த வைத்தியசாலையிலாயினும், இனிக் குணமாக்க இயலாது, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று கூறப்படும் நாளுக்குப் பின்னர் அச்சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி. தமிழ் பேசும் உலகில் இக்கேள்வியை முதன்முதலில் பகிரங்கமாக எதிர்கொண்டவர்களுள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முக்கியமானவர். சட்டமன்றம் கண்ட பெண்மணியாகவும் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவராகவும் அவரை அறிந்தோர் பலர். ஒரு மரணப் படுக்கையின் அருகிலிருந்து அவர் பெற்ற பாடம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி புதுக்கோட்டையில் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் அதிபர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தப் பிறப்பின் காரணமாகச் சமூகம் சுமத்திய இழிவு எத்தகையது என்பதைச் சிறுவயதிலேயே உணர்ந்திருந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912இல் பட்டம் பெற்று வெளியேறினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்தவேண்டும் என்பது திருமணத்துக்கு அவர் விதித்த நிபந்தனை.

1923இல் அவரது தங்கை புற்றுநோயினால் உயிர்நீத்தார். அக்காலத்தில் தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை ஒன்றும் இருக்கவில்லை. நோயின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் கூசின. தங்கையின் இறுதிக் காலத்தைக் கண்டவர் வெறும் உறவினர் அல்லர், தேர்ந்த வைத்தியர். மருத்துவம் கற்ற ஒருவர் தம் வீட்டிலேயே மருத்துவம் கைவிட்டதைப் பார்ப்பது எத்தகைய வேதனை என்பதை நாம் ஊகிக்கலாம். அவ்வேதனை அவரை அழவைத்ததோடு நிற்காமல் வேலைசெய்ய வைத்தது. 1925இல் உயர்கல்விக்காக இங்கிலாந்து சென்றபோது இலண்டன் புற்றுநோய் வைத்தியசாலையின் பணிகளையும் அவதானித்துத் திரும்பினார்.

அடுத்து வந்த ஆண்டுகளின் அரசியல் வாழ்வு தனிக் கட்டுரைக்குரியது. 1927இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார். முஸ்லிம் மாணவியருக்கு விடுதி அமையவும் பாடுபட்டார் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியைத் துறந்தார். இத்தனைக்கும் நடுவில் தங்கையின் நினைவு அவரை விட்டகலவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்ற தமது எண்ணத்தை வெளியிட்டார்.

அரசாங்க வட்டாரத்தில் அவருக்குக் கிடைத்த பதில், புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார், அவருக்கு எதற்குத் தனி வைத்தியசாலை என்பதாகும். இப்பதிலைக் கொடுமை என்று தள்ளிவிடுவது எளிது. உண்மையில் அது கணக்குப் பார்ப்பவரின் நியாயம். பணமும் கட்டில்களும் குறைவாக உள்ள நாட்டில், பிழைக்கக்கூடியவருக்கு முதலிடம் என்று அந்நியாயம் கூறுகிறது. முத்துலட்சுமியின் முயற்சி அக்கணக்கின் அடிப்படையையே ஏற்க மறுத்தது. குணமாவார், குணமாகார் என்ற பிரிவு கவனிக்கப்படவேண்டியவர், கைவிடப்படவேண்டியவர் என்ற பிரிவாக மாறலாகாது என்பதே அவர் செயலில் காட்டிய வாதம்.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதியத்தை ஆரம்பித்துப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி அடையாற்றில் 12 கட்டில்களோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அப்போது அவர் எழுபதை நெருங்கிக் கொண்டிருந்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அப்பணியைத் தாங்கினர். சாந்தா 2021இல் மறையும்வரை வைத்தியசாலை வளாகத்திலேயே வாழ்ந்தார். இலங்கையிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அந்த வாசலை நாடிச் சென்று வந்துள்ளன.

முத்துலட்சுமியை நோய்த் தணிப்புப் பராமரிப்பின் தாய் என்று அழைப்பது மிகையாகும். அவர் நிறுவியது பிரதானமாகக் குணமாக்கும் நோக்குடைய நிலையம். குணமாகாதவருக்கான மருத்துவத்தை ஒரு துறையாக வகுத்தவர் இங்கிலாந்தின் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். தாதியாகத் தொடங்கிப் பின்னர் வைத்தியரான அவர் 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். வலி தாங்கமுடியாமற் போகும்வரை காத்திராமல், அது தலைதூக்குமுன்பே மணிக்கணக்குத் தவறாது மோர்பின் கொடுக்கவேண்டும் என்பது அவர் வலியுறுத்திய முறை. உடல்வலியோடு மனவேதனை, குடும்பத்தைப் பற்றிய கவலை, ஆன்மிகத் தவிப்பு ஆகியவற்றையும் வலியின் பகுதிகளாகவே அவர் கண்டார். அவ்வில்லம் திறந்த மறு ஆண்டில், 1968 ஜூலை 22ஆம் திகதி, முத்துலட்சுமி காலமானார்.

கடல்கடந்து அந்த எண்ணம் நம் அயலுக்கு வந்து சேரக் காலம் பிடித்தது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர்களான ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு வலி மற்றும் தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் அது மக்கள் இயக்கமாயிற்று. பயிற்சி பெற்ற அயலவர்கள் மதபேதமின்றி வீடு வீடாகச் சென்று, படுத்த படுக்கையானவரின் புண்ணைக் கழுவினர். மருந்து தீர்ந்ததா என்று பார்த்தனர். பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் விசாரித்தனர். கடைக்காரரும் தொழிலாளரும் தந்த சில்லறைக் காசே பெரும் பலம். நோயாளியை நலம் விசாரித்தல் மார்க்கக் கடமை என்பதை அறிந்த சமூகத்துக்கு இப்பணி அந்நியமாகத் தோன்றியிராது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கையே வகுத்தது.

இலங்கையில் மகரகமவில் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இல்லம் இறுதி நிலை நோயாளரைப் பராமரித்து வருகிறது. 2019 முதல் 2023 வரையிலான தணிப்புப் பராமரிப்புக்கெனத் தேசிய மூலோபாயத் திட்டமொன்றும் வகுக்கப்பட்டது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகத் திரட்டிய நிதி, முத்துலட்சுமி சென்னையில் பொதுமக்களிடம் திரட்டிய நிதியை நினைவூட்டுவது. எனினும் மோர்பின் என்றதும் போதைப்பொருள் என்று அஞ்சும் வீடுகள் நம்மிடையே உண்டு. வைத்தியர் அளவறிந்து தரும் மோர்பின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. அது நோயாளிக்கு இரவுத் தூக்கத்தையும், பேரப்பிள்ளையோடு பேசும் தெம்பையும் தருகிறது. இவ்விளக்கத்தைத் தமிழில், நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து சொல்லக்கூடிய தாதியர் எத்தனை பேர் என்பதைக் கொழும்பு வாழ் தமிழ், முஸ்லிம் சமூக அமைப்புகள் சுகாதார அதிகாரிகளிடம் கேட்கவேண்டும். நலன்புரிச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் முன்வந்தால் மலப்புறத்தைப் போன்ற தொண்டர் பயிற்சியை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நுகேகொடையிலும் தொடங்கலாம். மலப்புறத்திலும் முதலில் இருந்தவை ஒரு சில வீடுகளும் சில அயலவரும்தான்.