சாதனைப் பெண்மணி பியாட்ரிஸ் ஷில்லிங்

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஆண்களின் உருவமே. ஆனால் 1930-களிலேயே இங்கிலாந்தில் ஒரு பெண்மணி, மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். வண்டியைப் பழுதுபார்த்துப் பழகிய அதே கைகளால், பின்னாளில் போர் விமானிகளை வாட்டிய பெரும் ஆபத்து ஒன்றையும் தீர்த்து வைத்தார். அவர்தாம் பியாட்ரிஸ் ஷில்லிங் அம்மையார்.

இவர் 1909-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் இறைச்சிக் கடை வைத்திருந்தார். மற்றச் சிறுமியர் பொம்மைகளோடு விளையாடிய வயதில், பியாட்ரிஸ் கருவிகளையே விரும்பினார். பதினான்காம் வயதில் பழைய ராயல் என்ஃபீல்டு வண்டி ஒன்றை வாங்கி, அதன் உறுப்புகளைத் தாமே கழற்றி மாட்டிப் பழகினார். நம் திருவொற்றியூர்த் தொழிற்சாலையால் நமக்கெல்லாம் தெரிந்த அதே என்ஃபீல்டுதான்!

பள்ளிப் படிப்பு முடிந்ததும், மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் பொறியாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சிற்றூர்களுக்கு மின் விளக்கு வசதி செய்து தரும் நிறுவனத்தை அவர் நடத்தி வந்தார். கம்பி இழுப்பதும் மின்னாக்கிப் பொருத்துவதும் பியாட்ரிஸின் அன்றாட வேலையாயின. இந்தப் பெண்ணின் திறமை இதோடு நின்றுவிடக் கூடாது என்று எண்ணிய மார்கரெட் அம்மையார், பல்கலைக்கழகத்தில் சேரும்படி தூண்டினார். அவ்வாறே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1932-இல் மின்பொறியியலில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸ் என்னும் பந்தயக் களம் புகழ் பெற்று விளங்கியது. 1907-இல் திறக்கப்பட்ட அக்களத்தில் கான்கிரீட் பாதை வளைவுகளில் சுவர்போல் உயர்ந்து நிற்கும். மேடு பள்ளம் மிகுந்த அப்பாதையில் வேகமாகச் செல்லும் வண்டி சில இடங்களில் தரையை விட்டே எழும்பிவிடும். பந்தயத்தின்போது மணிக்கு 100 மைலுக்கு மேல் ஒரு சுற்று வருபவர்களுக்கே அங்கு தங்க நட்சத்திரம் வழங்கப்பட்டது. பியாட்ரிஸ் தம் 500 சி.சி. நார்ட்டன் வண்டியின் எஞ்சினைத் தாமே செப்பனிட்டு, 106 மைல் வேகத்தில் சுற்றி வந்து அந்த நட்சத்திரத்தை வென்றார். அவருக்கு முன் அதைப் பெற்ற பெண் ஃபுளோரன்ஸ் பிளெங்கிரான் ஒருவரே.

1936-இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். முதலில் கிடைத்தது தொழில்நுட்பக் குறிப்பேடுகள் எழுதும் வேலை. எஞ்சினைத் தொட்டுப் பழகியவருக்கு ஏட்டோடு மட்டும் இருக்க மனம் வருமா? விரைவில் எஞ்சின் பிரிவுக்கு மாறினார். 1938-இல் அங்கே உடன் பணியாற்றிய ஜார்ஜ் நேலரை மணந்தார். அவரும் தங்க நட்சத்திரம் வென்ற பின்னரே திருமணத்துக்கு இவர் சம்மதித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள்!

இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்த மெர்லின் எஞ்சின் மிகச் சிறந்தது. ஆனால் ஒரு குறை. விமானம் திடீரெனத் தலைகுப்புறப் பாயும்போது, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் மேல்நோக்கி எழும்பும். எஞ்சின் ஒரு கணம் திணறும். அடுத்து, பம்பிலிருந்து அளவுக்கு மீறிப் பெட்ரோல் பாய்ந்து, எஞ்சினே மூச்சுத் திணறி நின்றுபோகும். ஜெர்மானிய விமானங்களிலோ பெட்ரோல் நேரடியாக எஞ்சினுக்குள் செலுத்தப்பட்டதால் இக்குறை இல்லை. எதிரி நேராகக் கீழே பாய்ந்து தப்பிவிடுவான். துரத்தும் பிரிட்டிஷ் விமானியோ விமானத்தைப் புரட்டிய பிறகே பாய வேண்டும். அந்தச் சில விநாடிகளில் உயிரே போய்விடலாம்.

இதற்குப் பியாட்ரிஸ் கண்ட தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. நடுவில் துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு ஒன்றைப் பெட்ரோல் செல்லும் குழாயில் பொருத்தினார். எஞ்சின் முழுச் சக்தியோடு ஓட எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அவ்வளவு மட்டுமே அத்துளை வழியே செல்லும். பின்னர் அது வெறும் வாஷர் போன்ற வளையமாகவே எளிமைப்பட்டது. எஞ்சினைக் கழற்றாமலே அதை மாட்டிவிடலாம். 1941 மார்ச் முதல் அவரும் சிறு குழுவினரும் விமானத் தளங்களுக்குச் சென்று அதைப் பொருத்தினர். அவர் தம் நார்ட்டன் வண்டியிலேயே தளந்தோறும் போய்வந்தார். அக்குறையை அது முற்றிலும் போக்கவில்லை. தலைகீழாக நெடுநேரம் பறக்க இயலவில்லை. எனினும் 1943-இல் புதுவகைக் கார்புரேட்டர் வரும்வரை விமானிகளுக்கு அதுவே துணையாயிற்று. நன்றியுள்ள விமானிகள் அதற்கு அவர் பெயரையே சூட்டினர்.

போருக்குப் பின் அரசு அவருக்கு ஓ.பி.ஈ. விருது அளித்தது. மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானச் சக்கரங்கள் வழுக்குவது குறித்தும் அவர் ஆராய்ந்தார். ஆனால் அந்நிலையத்தின் மிக உயர்ந்த பதவிகள் கடைசிவரை அவருக்குக் கிட்டவில்லை. 1969-இல் ஓய்வு பெற்று, 1990-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், 81-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அன்புத் தோழியரே! பியாட்ரிஸ் அம்மையாரின் துணிவை மட்டும் நாம் வியந்தால் போதாது. பதினான்கு வயதில் அழுக்குப் படியக் கற்ற கைவேலைதான், நாடே தவித்த நேரத்தில் அவருக்குக் கைகொடுத்தது. எங்கள் வீட்டில் தையல் இயந்திரம் நின்றுபோனால் நான் அண்ணனைத்தான் அழைப்பேன். இவரது வரலாற்றைப் படித்த பிறகு திருப்புளியை நானே கையில் எடுத்தேன். சிக்கியிருந்தது ஒரு நூல் துண்டு மட்டுமே! இத்தனை நாள் அதற்கா அஞ்சினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. நீங்களும் ஒருமுறை திறந்து பாருங்களேன்!