கையெழுத்திட மறுத்த மருத்துவர்

1961-ஆம் ஆண்டு. இத்தாலியின் கிழக்கெல்லை ஊரான கொரிட்சியாவின் மனநோய் மருத்துவமனைக்கு இயக்குநராக வந்து சேர்ந்தார் பிராங்கோ பசாலியா. அவர்முன் ஒரு பதிவேடு வைக்கப்பட்டது. முந்திய இரவில் கட்டிலோடு பிணிக்கப்பட்ட நோயாளிகளின் பட்டியல் அது. இயக்குநர் ஒப்பமிடுவது வழக்கம். பசாலியா ஒப்பமிடவில்லை.

1924-இல் வெனிஸ் நகரில் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே பாசிச எதிர்ப்புக்காகச் சிறை கண்டவர். அச்சிறையின் நாற்றத்தையே அவர் இம்மருத்துவமனையிலும் உணர்ந்தார். காரணம் சட்டத்தில் இருந்தது. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியை நோயுற்றவராக அன்றி, ஆபத்தானவராகவே கண்டது. உள்ளே அடைக்கப்பட்டவர் குடியுரிமைகளையும் இழந்தார்.

பசாலியா கட்டுகளை அவிழ்த்தார், கதவுகளைத் திறந்தார். நோயாளிகளும் மருத்துவரும் செவிலியரும் ஒன்றாய் அமர்ந்து பேசும் அவை நாள்தோறும் கூடியது. இம்முயற்சியை விளக்கும் நூல் வெளிவந்த 1968-ஆம் ஆண்டிலேயே, வீட்டுக்குச் சென்றுவர விடுப்புப் பெற்ற நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றார். பசாலியா மீது வழக்குத் தொடரப்பட்டது, பின்னர் விடுவிக்கப்பட்டார். அந்தப் பெண்ணின் மரணத்தைச் சொல்லாமல் இவர் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

1971-இல் ட்ரியெஸ்டே நகர மருத்துவமனையை ஏற்றார். ஏறத்தாழ 1,200 பேர் அங்கே அடைபட்டிருந்தனர். 1973-இல் கவிஞரும் நாடகாசிரியருமான ஜூலியானோ ஸ்காபியா முதலிய கலைஞர்கள் நோயாளிகளோடு சேர்ந்து, மரத்தாலும் காகிதக்கூழாலும் மாபெரும் நீலக்குதிரை ஒன்றைச் செய்தனர். சலவைத்துணி வண்டியை இழுத்து முதுமையடைந்த மார்க்கோ என்னும் உண்மைக் குதிரையின் பெயரையே அதற்கும் இட்டனர். அதன் வயிற்றுக்குள் நோயாளிகளின் விருப்பங்கள் வைக்கப்பட்டன. வெளியே இழுத்துச் செல்லும் நாளில், குதிரை வாயிலில் நுழையவில்லை. வாயிலை உடைத்தார்கள். நகரத் தெருக்களில் குதிரையின் பின்னே நோயாளிகள் நடந்தார்கள். அறிக்கைகள் சொல்ல முடியாததை அந்தக் காகிதக்குதிரை சொல்லிற்று எனலாம்.

1978 மே 13 அன்று 180-ஆம் எண் சட்டம் நிறைவேறியது. பழைய சட்டத்தை நீக்கக் கோரிய பொதுவாக்கெடுப்பைத் தவிர்க்கும் அவசரத்தில் பிறந்த சட்டம் அது. வரைந்தவர் பசாலியா அல்லர். புருனோ ஓர்சினி என்னும் நாடாளுமன்ற உறுப்பினர். எனினும் மக்கள் அதைப் பசாலியா சட்டம் என்றே அழைத்தனர். மனநோய் மருத்துவமனைகள் படிப்படியாக மூடப்படவேண்டும், புதியவை எழும்பலாகாது, பொது மருத்துவமனைகளிலும் ஊர்தோறும் அமையும் மையங்களிலும் மருத்துவம் நடைபெறவேண்டும் என்றது அச்சட்டம். அம்மையங்களோ பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் எழவில்லை; சுமை குடும்பங்களின் தோளில், பெரும்பாலும் பெண்களின் தோளில், விழுந்தது. சட்டத்தை வெற்றியெனக் கொண்டாடப் பசாலியாவும் தயங்கினார்.

உரோமை உள்ளிட்ட லாட்சியோ மாநிலத்தின் மனநலப் பணிகளைச் சீரமைக்க 1979-இல் சென்றார். மூளைக்கட்டி அவரை அதிக நாள் விட்டுவைக்கவில்லை. 1980 ஆகஸ்ட் 29 அன்று வெனிஸ் நகரில், 56-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நூல்களில் இணைந்து உழைத்த மனைவி பிராங்கா ஓங்காரோ, 1983-இல் மேலவை உறுப்பினராகி, எழாத மையங்களுக்காக வாதாடினார்.