சண்டையே இல்லாத ராணுவக் கதை

ராணுவக் கதைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குண்டு, பீரங்கி, எல்லை, தியாகம். நம்ம சினிமா அப்படித்தான் பழக்கி வச்சிருக்கு. ஆனா ஒரு சிப்பாய் தன் சர்வீஸ்ல பெரும்பாலான நாட்கள் சண்டையே போடுறதில்லை. அந்த நாட்கள்ல என்ன நடக்குதுன்னு எழுதினவர் அலெக்சாண்டர் குப்ரின். பழைய சோவியத் புத்தகங்களைப் புரட்டினவங்க 'செம்மணி வளையல்' பார்த்திருப்பீங்க. அவரேதான்.

1870-ல் ரஷ்யாவின் நரோவ்சாத் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அடுத்த வருஷமே அப்பா காலராவில் இறந்துவிட்டார். ஆறு வயசுல அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி, பத்து வயசுல ராணுவப் பள்ளி. யூனிஃபார்ம் இல்லாத பால்யமே அவருக்குக் கிடையாது. 1889-ல், ராணுவக் கல்லூரியில் படிக்கும்போதே ஒரு கதை பத்திரிகையில் வந்தது. அனுமதி வாங்காம எழுதினதுக்காக அவரைப் பிடிச்சுக் காவலறையில் போட்டாங்க. முதல் கதைக்குக் கிடைச்ச பரிசு!

1890-ல் காலாட்படை அதிகாரியாகி புரோஸ்குரோவ் போனார். இன்றைய உக்ரைனில் இருக்கிற ஊர். நான்கு வருஷம் அங்கே இருந்தார், ஒரு போர்கூட இல்லை. காலையில டிரில், சாயங்காலம் குடி, சீட்டாட்டம், கடன், வம்பு. அந்த சலிப்பெல்லாம் கடைசியில சிப்பாய் கன்னத்துல அறையா விழும். 1894-ல் ராஜினாமா செய்துட்டு எழுத வந்துட்டார். அதே வருஷம் வந்த ஒரு கதையில், அற்பத் திருட்டுக்காக ஒரு தாத்தார் சிப்பாய்க்குப் பிரம்படி விழுது. விசாரணை நடத்தின இளம் அதிகாரியால அதைத் தாங்க முடியலை.

1905 மே மாதம் 'டூயல்' நாவல் வந்தது. அதே மாதம் சுஷிமாவில் ரஷ்யக் கடற்படையை ஜப்பான் நொறுக்கியது. நம்ம ராணுவம் ஏன் தோற்கிறதுன்னு தவிச்ச ஜனங்க, இந்த நாவல்ல பதிலைத் தேடினாங்க. அதில் போரே கிடையாது என்பதுதான் விஷயம்!

நாயகன் ரொமாஷோவ், கிட்டத்தட்ட நம்ம வயசு. பெரிய அணிவகுப்பு அன்னைக்குப் புகழைப் பத்திக் கனவு கண்டுகிட்டே நடந்து, வரிசையையே குலைச்சிடுறான். அவன் பின்னாடி ஹ்லெப்னிக்கோவ் என்ற சிப்பாய் விழுந்து, புழுதி அப்பின உடம்போட ஓடி வர்றான். தினமும் அடி வாங்குறவன். ரொமாஷோவ் ஏற்கெனவே அவனை இரக்கத்தோட கவனிச்சிருக்கான். அன்னைக்கு ராத்திரி ரயில் பாதை ஓரத்துல ரெண்டு பேரும் சந்திக்கிறாங்க. சிப்பாய் அழறான், அதிகாரி அவனைச் சகோதரனா பார்க்கிறான். எனக்கு மொத்த நாவலும் இந்த இடம்தான்.

1914-ல் குப்ரினை மறுபடி ராணுவத்துக்குக் கூப்பிட்டாங்க, அடுத்த வருஷமே உடல்நிலை சரியில்லைன்னு அனுப்பிட்டாங்க. புரட்சிக்குப் பிறகு பாரிஸில் வறுமை. 1937-ல் நாடு திரும்பி, 1938-ல் லெனின்கிராடில் காலமானார்.

நாவலின் முடிவைச் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. துப்பாக்கிச் சண்டையில ரொமாஷோவ் செத்துப்போறதை குப்ரின் வர்ணிக்கவே இல்லை. நேரம், காயம்பட்ட இடம், சாட்சிகள்னு மேலதிகாரிக்குப் போற ஒரு அலுவல் அறிக்கை மட்டும் இருக்கு. அதோட புத்தகம் முடிஞ்சிடுது.