பனிமலை கடந்த அம்மையார்

பிரான்ஸில் 1868-ஆம் ஆண்டு பிறந்தவர் அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் அம்மையார். அந்நியருக்குத் தடைசெய்யப்பட்டிருந்த திபெத்தின் தலைநகர் லாசாவைக் காண விரும்பி, பலமுறை திருப்பி அனுப்பப்பட்டார். ஆயினும் மனந்தளரவில்லை. 1923-இல், தமது 55-ஆம் வயதில், சீனத்தின் யுன்னானிலிருந்து ஏழை யாத்திரிகையாக வேடமிட்டுக் கால்நடையாகப் புறப்பட்டார். மகனைப் போல் வளர்த்த யோங்டென் என்னும் இளந்துறவி உடன் சென்றார். கடுங்குளிரில் பனி மூடிய கணவாய்களை ஏறிக் கடந்தனர். வழியில் யோங்டெனின் கால் சுளுக்கியது, உணவும் தீர்ந்தது. கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில், காலணி தைக்க வைத்திருந்த தோலை வேகவைத்துப் பசியாறினர். 1924-இல் லாசாவை அடைந்தனர். நூறு வயதிலும் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்ட அம்மையார், 1969-இல் மறைந்தார். சிறு தூறலுக்கே பள்ளிக்கு வரத் தயங்கும் நாம் அவரை நினைத்துப் பார்ப்போமாக!