மருத்துவத் தொண்டர் துவாரகாநாத் கோட்னிஸ்

1929ஆம் ஆண்டில் ஜெனிவா நகரில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. போர்க்களத்தில் வீழ்ந்த வீரன் எந்த நாட்டவனாயினும், பகைவனேயாயினும், வேற்றுமை பாராது அவனை எடுத்துச் சிகிச்சை செய்தல் வேண்டும். அச்சிகிச்சை செய்யும் மருத்துவரைத் தாக்கலாகாது என்பது அதன் சாரம். 1864இல் தோன்றிய விதியே அவ்வாண்டு விரிவாக்கப்பட்டது. அதே 1929இல் கத்தியவாரில் நிகழ்ந்த ஒன்றை அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் எடுத்துக் காட்டியுள்ளார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் மனைவி மகப்பேற்றுக்குப் பின் நோயுற்றார். வரவழைக்கப்பட்ட மருத்துவர் சேரிக்குள் நுழைய மறுத்தார். நோயாளியை வெளியே கொணரச் செய்து, வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் வாங்கி ஆசிரியரிடம் கொடுக்க, ஆசிரியர் மனைவிக்கு வைத்தார். மருத்துவரின் கை நோயாளிமேல் படவேயில்லை. அந்த அம்மையார் இறந்துபட்டார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நமக்கு, அத்தலைமுறையைச் சேர்ந்த வேறொரு மருத்துவரின் வாழ்வு பெரிதாகத் தோன்றுகிறது. அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆயினும் மானாம்பதியிலும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலும் மருத்துவமும் செவிலியமும் பயில விழையும் நம் பிள்ளைகள் அவரை அறிதல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ் 1910 அக்டோபர் 10ஆம் நாள் சோலாப்பூரில் பிறந்தார். பம்பாய்ப் பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பயின்றார். ஆலைத் தொழிலாளர் நிறைந்த அந்தப் பரேல் பகுதியில்தான் அண்ணலும் நெடுங்காலம் குடியிருந்தார் என்பதை இடையே நினைவுகூர்கிறோம்.

1937இல் சப்பான் சீனத்தின்மீது முழுப்போர் தொடுத்தது. சீனத் தளபதி சூ தே உதவி கோரி நேருவுக்கு எழுதினார். அப்போது காங்கிரசுத் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி திரட்டினார். ஐந்து மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்: அலகாபாத்து அடல், நாகபுரிச் சோல்கர், கல்கத்தாவின் பாசு, முகர்ஜி ஆகியோருடன் சோலாப்பூர்க் கோட்னிஸ். அந்நியர் ஆட்சியில் அடிமைப்பட்டுக் கிடந்த நாடு, அடிபட்ட மற்றொரு நாட்டுக்கு மருத்துவரை அனுப்பியது! 1938 செப்டம்பரில் கப்பலேறிய கோட்னிசுக்கு அப்போது வயது இருபத்தேழு.

சீனம் சென்ற பின் தந்தையார் இறந்த செய்தி வந்தது. குடும்பத்தை நினைத்துத் திரும்பியிருப்பின் எவரும் குறை கூறியிரார். அவர் திரும்பவில்லை. 1939 தொடக்கத்தில் யெனானை அடைந்து, பின்னர் போர்முனைக்கே சென்றார். உடன் சென்றோரில் மூவர் முன்னரே தாயகம் மீண்டனர்.

அங்கே மருத்துவமனை என்றவுடன் நம் செங்கற்பட்டு மருத்துவமனை போன்ற கட்டடத்தை எண்ணிவிடலாகாது. குடியானவர் வீடுகளே நோயாளர் கூடங்கள். பகைவர் ஊரைச் சூழ்ந்தால் காயம்பட்டோரைத் தூக்கிக்கொண்டு மலைக்குள் ஒளிய வேண்டும். மருத்துவமனையைத் தாக்கலாகாது என்று ஜெனிவாவில் எழுதிய ஏடு அம்மலைகளில் அவர்களைக் காக்கவில்லை. மருந்தும் அரிது. அவருக்கு முன் அங்குத் தொண்டாற்றிய கனடா நாட்டு மருத்துவர் நார்மன் பெத்யூன், அறுவைச் சிகிச்சையின்போது விரலில் பட்ட சிறு காயம் சீழ்ப்பிடித்தே 1939 நவம்பரில் மாண்டார். அத்தகைய இடம் அது.

1940இல் நடந்த ஒரு சமரின்போது கோட்னிஸ் 72 மணி நேரம் கண்ணுறங்காது அறுவைச் சிகிச்சை செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1941 சனவரியில், பெத்யூன் பெயரால் அமைந்த பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் இயக்குநரானார். சீன மொழி கற்று, அம்மொழியிலேயே உழவர் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்பித்தார். நம்மைப் பொறுத்தவரை, அவர் செய்த அறுவைச் சிகிச்சைகளினும் இதுவே பெரிது. தாம் அறிந்த வித்தையை ஒளித்து வைக்கும் வழக்கம் நம் நாட்டில் எத்துணைக் காலம் இருந்தது என்பதை நாம் அறிவோம்.

அவர் நடுநிலையாளராக இருந்தார் என்று நாம் கூறவில்லை. ஒரு தரப்புப் படையில் சேர்ந்தே பணி செய்தார். 1942இல் சீனப் பொதுவுடைமைக் கட்சியிலும் சேர்ந்தார். இதனால் அவரைக் குறைத்து மதிப்போர் உண்டு. ஆனால் ஜெனிவா விதி படை மருத்துவரையும் காக்கவே ஏற்பட்டது. அது மருத்துவரின் அரசியலைக் கேட்பதில்லை.

1941 இறுதியில், உடன் பணியாற்றிய குவோ சிங்லான் என்னும் செவிலியரை மணந்தார். 1942 ஆகஸ்டில் ஆண் மகவு பிறந்தது. இந்தியாவையும் சீனத்தையும் குறிக்கும் இரு எழுத்துகளைச் சேர்த்து இன்ஹுவா என்று பெயரிட்டனர். ஆயின் இடையறாத உழைப்பு அவர் உடலை முறித்துவிட்டது. வலிப்பு நோய் அடுத்தடுத்துத் தாக்க, 1942 டிசம்பர் 9ஆம் நாள், 32ஆம் வயதில் கோட்னிஸ் காலமானார். அப்போது குழந்தைக்கு நான்கு திங்கள்கூட நிறையவில்லை.

1946இல் சாந்தாராம் அவர் வாழ்வைத் திரைப்படமாக்கினார். போர் விதிகள் 1949இல் நான்கு உடன்படிக்கைகளாக வலுப்பெற்றன; இந்திய நாடாளுமன்றம் அவற்றுக்கென 1960இல் சட்டமியற்றியது. இரண்டே ஆண்டுகளில் இந்தியாவும் சீனமும் போரிட்டுக்கொண்டன. தந்தையைப் போலவே மருத்துவம் பயின்ற இன்ஹுவா 1967இல் தம் 24ஆம் வயதில் இறந்தார். எனினும் குவோ சிங்லான் அம்மையார் சோலாப்பூர் உறவை விட்டுவிடவில்லை. பன்முறை இந்தியா வந்து கணவரின் உடன்பிறந்தாரைக் கண்டு சென்றார். 2012இல் அவரும் மறைந்தார். கோட்னிசின் கல்லறை சீனத்தின் சிச்சியாசுவாங் நகரிலுள்ள தியாகிகள் பூங்காவில் உள்ளது.